தீக்காயத் தழும்புக்கு இன்சூரன்ஸ் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் திருநெல்வேலியில் வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி பக்கம் போனால் முடி நடுவது, மூக்கைச் சரிசெய்வது, வயிற்றுக் கொழுப்பை எடுப்பது என்று போர்டு மேல் போர்டாக இருக்கிறது, கீழேயே மாதத் தவணை வசதி உண்டு என்றும் போட்டிருக்கிறார்கள். செய்துகொள்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் முகம், அவரவர் காசு, அதில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பேச்சே இல்லை. ஆனால் அழகுக்காகச் செய்வதையும் அவசியத்துக்காகச் செய்வதையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் அக்கா மகள் முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். கொதிக்கிற எண்ணெய் கொட்டி கழுத்தெல்லாம் வெந்து, ஆறின பிறகு தோல் சுருங்கி, தலையை இடது பக்கம் திருப்பவே முடியாது, பஸ் வருகிறதா என்று பார்க்கக்கூட உடம்போடு திரும்ப வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எஸ்டிமேட் கேட்டால், அதில் "காஸ்மெட்டிக்" என்று ஒரு வார்த்தையை எழுதி, ஜிஎஸ்டியும் சேர்த்துக் கொடுத்தார்கள். காயம் படும்போதே பாலிசி நடப்பில் இருந்தது. இருந்தும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனி முடியாது என்றது. கவுண்டரில் இருந்த பெண் உடனே தவணைக் கடன் ஃபாரத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

விதி என்ன சொல்கிறது? அழகுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷனுக்குப் பணம் கிடையாது, சரி. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு உடம்பைச் சீரமைக்கிற சிகிச்சைக்கு அந்தத் தடை இல்லை. உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து இருக்கிறது, அதை நீக்க இது அவசியம் என்று சிகிச்சை தரும் டாக்டரே சான்று கொடுத்தாலும் தடை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் இது, உங்கள் பாலிசியிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்டியும் அப்படித்தான், அழகு அறுவை சிகிச்சைக்கு உண்டு, பிறவிக் குறைக்கும் காயத்துக்கும் செய்கிற சீரமைப்புக்குக் கிடையாது.

அப்புறம் நாங்கள் டாக்டரையே போய்ப் பார்த்தோம். தீக்காயத்தால் கழுத்து இறுகிவிட்டது, அசைவு மீள இந்த ஆபரேஷன் தேவை என்று அவர் எழுதிக் கொடுத்தார். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போட்டோக்களையும் அதோடு வைத்து அனுப்பினோம், பணம் வந்தது. வராமல் போயிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்போம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் அவருடைய சென்னை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 155255 என்ற எண்ணில் ஆணையத்திடமும் புகார் சொல்லலாம். இதை நம் ஊரில் எத்தனை பேரிடம் யார் சொல்கிறார்கள்?

அழகுக்காகவே செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் வராது, கைக்காசுதான் என்று தெரிந்துகொண்டே உள்ளே போங்கள், "பார்த்துக்கலாம்" என்று கவுண்டரில் சொல்வதை நம்ப வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது, வட்டி கட்டணத்துக்குள்ளேயோ விலைக்குள்ளேயோ ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி எவ்வளவு என்று காட்டும் விவரத் தாளைக் கேளுங்கள், உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டியது அவர்கள் கடமை. நகைக்கடன் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும், பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். நாளைக்கு மனசு மாறி ஆபரேஷன் வேண்டாம் என்றாலும், ஆஸ்பத்திரி அதைத் திருப்பிக் கொடுக்கிறவரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ரத்து செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தீக்காயம், விபத்துக்குப் பிறகு சீரமைப்புத் தேவைப்படுகிறவர்களில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் விசாரித்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

உங்கள் நெல்லைப் பதிப்பில் இந்த மருத்துவமனைகளின் விளம்பரம் அடிக்கடி வருகிறது. தீக்காயம், விபத்துத் தழும்புக்குக் காப்பீடு உண்டு என்ற ஒரு வரியையும் அதன் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை