உப்பளத்துக்கும் எடிட் ரூமுக்கும் நன்றி

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய ஆவணப்படமும், அதையொட்டிச் சென்னையில் உப்பைக் குவித்து வைத்த இன்ஸ்டலேஷன் என்ற கலைக் காட்சியும் நல்லபடியாக முடிந்தன. "சீரியல் வேலையையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாய்?" என்று கேட்காத ஆள் இல்லை. சமாளித்தது நான் மட்டும் இல்லை என்பதால் இந்த மடல்.

முதலில் எங்கள் எடிட் ரூம். வியாழக்கிழமை டிஆர்பி வந்தால் கதை திரும்பும், முடித்து வைத்ததை மறுபடி வெட்ட வேண்டும். அதற்கு நடுவிலும் எபிசோடுகளை பேங்கிங் செய்து, அதாவது முன்கூட்டியே முடித்துச் சேர்த்து வைத்து, "போய்ட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிய உதவி எடிட்டர் தம்பிக்குப் பெரிய நன்றி. (மருமகள் அழுகையை அவன் இழுத்த இழுப்பில் ஒரு எபிசோடே தேறியது.) கேமரா வாடகை போனது சீரியல் சம்பளத்தில்தான். சீரியல் என்றாலே முகம் சுளிக்கும் கலை நண்பர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

அளத்து அக்காமாரை என்ன சொல்ல! விடியுமுன்னே டார்ச் வெளிச்சத்தில் உப்பு வாரத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அந்த ஓட்டத்திலும் "கேமராவ கீழ வைக்காத தாயி, அரிச்சிரும்" என்று சாக்கை விரித்துத் தந்தார்கள். உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது மழைக்காலத்தில்தான், அப்போது வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எந்தெந்தக் கடனுக்குப் போகிறது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டியதுதான் படத்தின் உயிர். சீரியலில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை வெட்டிப் பழகிய கை, அந்த இடத்தில் வெட்டவே இல்லை. பாத்தித் தண்ணீர் 24 டிகிரி (சூடு இல்லை, உப்புநீரின் அடர்த்தி) தாண்டினால்தான் உப்பு இறங்கும் என்று மீட்டரை மிதக்கவிட்டுக் காட்டிய மேஸ்திரி அண்ணாச்சிக்கும் நன்றி.

உப்பு மூட்டைகளை வாடகை வாங்காமல் ஏற்றி வந்த லாரி அண்ணன், சென்னைக் காற்றில் உப்பு நீர்த்துப் போகாமல் தினமும் கிளறிவிட்ட ஹால் வாட்ச்மேன் ஐயா, இருவரையும் மறக்க மாட்டேன். காட்சிக்கு வந்த அளத்து அக்கா ஒருவர், நான் குவித்திருந்த அம்பாரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "இப்படியா குமிப்பாங்க?" என்று சேலையைச் செருகிக்கொண்டு பலகையை எடுத்துச் சரிசெய்தார். கடைசி நாள்வரை அவர் குவித்தபடியே விட்டுவைத்தேன்.

அடுத்த திரையிடல் தூத்துக்குடியில், அளம் ஓயும் மழை மாதமாகப் பார்த்து வைக்கிறோம். ஹார்டு டிஸ்க் இரவல் கொடுத்தவர்கள் அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், கையோடு கொண்டுவந்து தருகிறேன்.