பொனட்டை மூடி அளந்து காட்டுங்கள்: கொழும்பில் இன்டேக் கிட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடை முதலாளிமாருக்கும் கராஜ் பாஸ்மாருக்கும்,

வணக்கம். எஞ்சினுக்குக் காற்றை இழுக்கிற குழாயையும் ஃபில்டரையும் மாற்றுகிற இன்டேக் கிட்டை எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பியின் டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் போன மாதம் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. இன்றுவரை அது கராஜில்தான் கிடக்கிறது.

சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் அந்தக் கிட்டை வாங்கினான். "பூட்டிப் பாருங்கோ தம்பி, 15 குதிரைவலு கூடும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கம்பனி பூட்டிய கறுப்புக் காற்று ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். புதிய அலுமினியக் குழாய் கீழே இறங்கி, முன் பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லாத இடத்தில் முடிந்தது. அதன் நுனியில் சிவப்புக் கூம்பு ஃபில்டர். மழை பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் தண்ணீர் நிற்கும். அன்று பின்னேரமும் நின்றது. முன்னால் போன முச்சக்கரவண்டி சிரமமில்லாமல் கடந்து போனது. பின்னால் போன தம்பியின் கார் நடுத் தண்ணீரில் 'டக்' என்று நின்றது. பயத்தில் இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறான்.

அடுத்த நாள் பாஸ் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றியபோது, துவாரங்களால் சீறி வந்த தண்ணீர் அவருடைய சேட்டை நனைத்தது. பிறகு ஃபில்டரைக் கழற்றி இரண்டு கையாலும் பிழிந்தார். சேற்றுத் தண்ணீர் வழிந்தது. மடிப்புக்குள் ஒரு டொபித் தாள் ஒட்டியிருந்தது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. அமுக்க வந்த பிஸ்டனுக்குப் போக இடமில்லாமல், அதைத் தள்ளுகிற தண்டான கொனெக்டிங் ரொட் வளைந்துவிட்டது. எஞ்சினை இறக்கிச் செய்கிற செலவு அவனுடைய நான்கு மாதச் சம்பளம். கழற்றிய கறுப்புப் பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேல் அதே பேப்பரில் இருக்கிறது. அதன் வாய் ரேடியேட்டருக்கு மேலே, உயரத்தில் இருந்தது.

சரி, மழையை விடுங்கள். வெயில் நாளிலாவது அந்த 15 குதிரைவலு வந்ததா?

எஞ்சினுக்கு வேண்டியது குளிர்ந்த, அடர்த்தியான காற்று. காற்றின் சூடு 3 பாகை கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். குழாயைக் கீழே இறக்காமல், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்த கூம்பு ஃபில்டரைப் பூட்டிவிடுகிற கிட்டும் நிறைய விற்கிறீர்கள். பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஊர்ந்து போகிற நெரிசலில் பொனட்டுக்குள் இருக்கிற காற்று எவ்வளவு கொதிக்கும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றை இழுத்தால் பவர் குறையத்தான் செய்யும். கம்பனிப் பெட்டி வெளிக்காற்றைத் தேடிப்போய் எடுக்கிறது.

அதோடு, எஞ்சினுக்குப் போகிற காற்றை அளக்கிற சென்சர் கம்பனிக் குழாயின் விட்டத்துக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. குழாய் மாறினால் கணக்கும் மாறும், பெற்றோல் கலவை பிசகும். ஒயில் பூசிய ஃபில்டரில் ஒயில் கூடிவிட்டால் அதுவும் சென்சரின் கம்பியில் போய்ப் படியும். தம்பிக்கு இரண்டாவது வாரமே செக் எஞ்சின் லைட் எரிந்தது. "அதைக் கணக்கெடுக்காதேங்கோ" என்பதுதான் கடையில் கிடைத்த பதில்.

கூடியது சத்தம். கம்பனிப் பெட்டி அடக்கி வைத்திருந்த உறுமல் வெளியே வந்ததும் கார் பறக்கிற மாதிரி மனதுக்குத் தோன்றுகிறது. சத்தத்துக்காக வாங்குகிறவர் தாராளமாக வாங்கட்டும். 86 இல் இன்டேக் சத்தத்தை உள்ளே கொண்டுவரத் தனிக் குழாயே வைத்துத்தான் டொயோட்டா விற்றது. ஆனால் சத்தத்தைச் சத்தம் என்று சொல்லி விற்க வேண்டும்.

இன்டேக்கால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. டர்போ எஞ்சினில் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளுகிற காற்றழுத்தத்தைக் கூட்டி, எஞ்சினை ஆளுகிற கம்ப்யூட்டரான ஈசியூவை டியூன் செய்து, அதற்கேற்பக் குழாயைப் பெருப்பித்தால் பலன் உண்டு. டர்போ இல்லாத, டியூனும் செய்யாத 200 குதிரைவலு எஞ்சினில் நல்ல கிட் உச்ச சுழற்சியில் சில குதிரைவலு தரலாம். நெரிசல் மிகுந்த காலி வீதியில் அந்தச் சுழற்சிக்கு எப்போது போகிறோம்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரே கார், ஒரே நாள், பொனட் மூடியபடி, பூட்டுமுன் ஒரு தரம், பூட்டியபின் ஒரு தரம், வலுவை அளக்கிற டைனோ இயந்திரத்தில் அளந்த தாளைக் காட்டிவிட்டு விற்பனை செய்யுங்கள். பொனட்டைத் திறந்து பெரிய விசிறி வைத்து எடுத்த அளவு எங்கள் வீதிக்குப் பொருந்தாது. வெளிநாட்டுப் பெட்டியில் அச்சடித்த எண்ணும் போதாது.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இந்த நாட்டில் ஒரு பெடியன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும். வரி, விலை, பெற்றோல், ரயர் என்று எல்லாப் பக்கமும் அடி வாங்கி, காரின் மேல் உள்ள ஆசையில்தான் உங்கள் படியேறுகிறான். அவனிடம் ஒரு பொய் எண்ணைச் சொல்லிக் காசு வாங்குவது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். உங்களில் நேர்மையாக வேலை செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

திரும்பவும் தாழ்மையாகக் கேட்கிறேன். பொனட்டை மூடி அளந்த தாளைக் காட்டுங்கள். ஃபில்டர் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்பதை பில்லில் எழுதுங்கள். கழற்றுகிற கம்பனிப் பெட்டியை மழைக்காலத்தில் திரும்பப் பூட்டச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஆதாரம் பார்க்க விரும்புகிறவருக்கு அந்த வளைந்த ரொட்டையும் சிவப்பு ஃபில்டரையும் கடைக்கே கொண்டுவந்து காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அண்ணன்