ஸ்கேட்போர்டில் போன பிள்ளைக்கும் இழப்பீடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு வாசகர், தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். பெற்றோர் கண்டிக்க வேண்டும், சறுக்கி விளையாடத் தனி இடம் வேண்டும் என்று அவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால், "அடிபட்டால் அது அவர்களாகத் தேடிக்கொண்டது, வண்டிக்காரரிடம் பணம் கேட்பது அநியாயம்" என்று முடித்திருந்தார். அதற்குத்தான் இந்தக் கடிதம். சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து வழக்குகள் நடத்திய ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவர் எழுதியதை நம்பி நாலு குடும்பங்கள் வழக்கே போடாமல் இருந்துவிட்டால், அதுதான் அநியாயம்.

ஸ்கேட்போர்டுக்கு எஞ்சின் கிடையாது. அதனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் அது வண்டியே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். அதில் போகும் பிள்ளை மீது கார் மோதினால், நடந்து போகிறவர் மீது மோதியதற்கும் இதற்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை. அந்தப் பிள்ளை 'மூன்றாம் நபர்'. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்று 146-ஆவது பிரிவு சொல்வதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். 166-ஆவது பிரிவின் கீழ் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். பிள்ளை மைனர் என்றால் அப்பாவோ அம்மாவோ அதன் சார்பில் போடலாம்.

"பிள்ளை மேலும் தப்பு இருக்கிறதே" என்பார்கள். இருக்கலாம். இருந்தால் அதற்கு ஒரு சதவீதம் போட்டு இழப்பீட்டைக் குறைப்பார்களே தவிர, வழக்கே இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தப்பை நிரூபிக்க வேண்டியதும் அதைச் சொல்கிற தரப்புதான். பெரியவர்களுக்கு இருக்க வேண்டிய ஜாக்கிரதையைப் பிள்ளைகளிடம் கோர்ட் எதிர்பார்ப்பதும் இல்லை. ஹெல்மெட் போடவில்லை என்ற வாதமும் வரும். ஹெல்மெட் பற்றிய 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கானது. தவிரவும், கை ஒடிந்த பிள்ளையிடம் தலையில் என்ன போட்டிருந்தாய் என்று கேட்பதில் என்ன பொருத்தம்? (ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம் போடுங்கள், அது வேறு விஷயம்.)

என் தங்கையின் பேத்திக்கு நடந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் விளங்கும். அவளுக்கு 13 வயது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டை முதல்முறையாகச் சேர்த்தபோது பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மொமிஜி நிஷியாவுக்கும் அப்போது 13 வயது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் இவள் போர்டு கேட்டாள். எங்கள் காலனியின் குறுக்குத் தெருவில் ஒரு சாயங்காலம் ஓரமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். சரக்கு இறக்கிவிட்டு ஒரு மினி லாரி ரிவர்ஸில் வந்தது. பின்னால் நின்று குரல் கொடுக்க ஆள் இல்லை. இவள் பார்த்துவிட்டுக் குதித்திருக்கிறாள். ஆனாலும் வண்டியின் பின்மூலை தோளில் இடிக்க, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போர்டு பின்சக்கரத்தில் சிக்கிக் குறுக்கே இரண்டாகப் பிளந்தது.

டிரைவர் கெட்டவர் இல்லை. அவரே ஆட்டோ பிடித்துப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கேஷுவாலிட்டியில் என்ன ஆச்சு என்று கேட்டபோது பிள்ளையின் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பதில் சொன்னவர் டிரைவர்: "பாப்பா ஸ்கேட்டிங் போர்டுல இருந்து விழுந்துட்டா சார்." அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறியது: ஸ்கேட்டிங் செய்யும்போது தானாகத் தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது. வண்டி என்ற வார்த்தையே அதில் இல்லை.

ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் சொல்வோமே, அது இதுதான். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் கேட்டு வாங்குவது இந்தத் தாளைத்தான். பிறகு எத்தனை சாட்சி வந்து வண்டி இடித்தது என்று சொன்னாலும், "காயம்பட்ட அரை மணி நேரத்தில் சொன்னது நிஜமா, வக்கீலைப் பார்த்த பிறகு சொல்வது நிஜமா?" என்று ஒரே கேள்வியில் மடக்குவார். இந்த ஒரு வரியால் தோற்ற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவர்களுக்கு 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்று மத்திய அரசு 2025-இல் திட்டம் கொண்டுவந்தது. தானாக விழுந்ததாகப் பதிவானால் அதிலும் இடமில்லை. ஸ்கேட்போர்டு, சைக்கிள், ரோலர் ஸ்கேட் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். பார்க்கிறவர் கண்ணுக்குப் போர்டு தெரிகிறது. இடித்த வண்டி தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் அன்றிரவே எதிர்வீட்டு சிசிடிவி பதிவை பென் டிரைவில் வாங்கிவிட்டோம். விட்டால் சில நாட்களில் பழையது மேல் புதியது பதிவாகி அழிந்துவிடும். மறுநாள் காலை அம்மா கைப்பட நடந்ததை எழுதி, மருத்துவமனையில் ஒரு பிரதியும் காவல் நிலையத்தில் ஒரு பிரதியும் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போட வைத்தோம். பிளந்த போர்டைத் தூக்கி எறியவில்லை. டயர் தடம் பதிந்த சாட்சி அது. வழக்கு நடக்கிறது, அதனால் அந்த வண்டியைப் பற்றியோ மருத்துவமனையைப் பற்றியோ மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டபின் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்று 2022-லேயே விதி வந்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதை வலியுறுத்தியது. அனுப்பினார்களா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், வண்டிக்காரர் தரப்பில் யாராவது பத்தாயிரமோ இருபதாயிரமோ கொண்டுவந்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள். வழக்கு நடக்கும்போது மைனர் சார்பில் சமரசம் செய்வதென்றாலே கோர்ட் அனுமதி வேண்டும். பிள்ளைகளின் பணத்தைச் சட்டம் அவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்க்கிறது. தீர்ப்பாகி வரும் தொகையைக்கூட பிள்ளை மேஜராகும் வரை வங்கியில் வைப்பு நிதியாகத்தான் போடுவார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, வலியும் வேதனையும், பள்ளிக்குப் போக முடியாத இழப்பு, இனிச் செய்ய வேண்டிய ஆபரேஷன் என்று தலைப்பு தலைப்பாகக் கேட்க வேண்டும். நிரந்தர ஊனம் ஏற்பட்ட பிள்ளைகளுக்கு 2013-இல் மல்லிகார்ஜுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவு வைத்தது: ஊனம் 10 சதவீதம் வரை என்றால் ஒரு லட்சம், 30 வரை மூன்று லட்சம், 60 வரை நான்கு லட்சம், இப்படி. மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. இப்போது நிலைமை அதைவிட மேலானது. குழந்தையை வருமானம் இல்லாதவர் என்று ஒதுக்காமல், திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய அட்டவணையைக் காட்டி யாராவது ஒரு லட்சத்தில் முடிக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வளரும் வயதில் மணிக்கட்டு முறிந்தால், எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படலாம். கை கோணலாக வளர்கிறதா, குட்டையாக நிற்கிறதா என்பது உடனே தெரியாது. ஆனால் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப் போடாதீர்கள். மனுவை முதலில் போட்டுவிடுங்கள். ஊனச் சான்றிதழ் பின்னால் வரட்டும். எக்ஸ்ரேக்களையும் பில்களையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எந்த வண்டி என்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், மரணம் என்றால் 2 லட்சம். அந்த மனு வருவாய்த் துறை வழியாக மாவட்ட ஆட்சியரிடம் போகும். தொகை மிகக் குறைவுதான். அடுக்ககத்துக்குள் நடந்தது, அது பொது இடம் இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்னாலும் பயப்பட வேண்டாம். பொதுமக்கள் வந்து போகும் தனியார் இடமும் பொது இடம்தான் என்று உயர் நீதிமன்றங்கள் எப்போதோ சொல்லிவிட்டன.

வண்டியே சம்பந்தப்படாத விபத்துகளும் உண்டு. காசு கொடுத்துச் சேர்ந்த ஸ்கேட்டிங் வகுப்பில் தரை பெயர்ந்து கிடந்து விழுந்தாலோ, பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் விழுந்தாலோ அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். சேரும்போது "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதி வாங்கியிருப்பார்கள். பல இடங்களில் பிள்ளையிடமே கையெழுத்து வாங்குகிறார்கள். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லிருந்து இருக்கும் சட்டம். போர்டின் அடியில் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ட்ரக் ஓட்டத்தில் உடைந்து விழுந்தால், தயாரித்தவரையும் விற்றவரையும் 2019 நுகர்வோர் சட்டத்தின்படி கேட்கலாம். அதற்குப் பில்லும் உடைந்த பாகமும் கையில் இருக்க வேண்டும். புதிது தருகிறோம், பழையதைக் கொடுங்கள் என்று கடைக்காரர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சாலைப் பள்ளத்தில் சக்கரம் மாட்டி விழுந்தவர்களுக்கு நம் ஊரில் இன்னும் நேரான வழி இல்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், பள்ளத்தாலும் திறந்த சாக்கடையாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரை என்று உத்தரவு போட்டது. அது மகாராஷ்டிரத்துக்கு. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும். அதற்கு உங்கள் பத்திரிகை குரல் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் நியாயம் உண்டு. பிள்ளை போர்டோடு போய் ஒரு பாட்டி மேல் மோதி இடுப்பெலும்பு முறிந்தால், அந்த அம்மாவுக்குத் தீர்ப்பாயம் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, சிவில் கோர்ட்தான். அதனால் நடைப்பயிற்சிக்காரர்கள் வரும் நேரத்தில் பிள்ளைகளைப் பூங்காப் பாதையில் விடாதீர்கள். வாசகர் கடிதத்தில் எழுதியவரின் கோபம் இங்கேதான் நியாயமானது.

கடைசியாக வக்கீல் செலவு. ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர்கள் வந்து, "காசே வேண்டாம், வருவதில் முப்பது பர்சென்ட் கொடுங்கள்" என்பார்கள். வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. வீட்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். அந்த எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மடிப்பாக்கம், சென்னை