பத்திரம் என்று யார் சொன்னது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடர் நேரத்தில் தலைவர்கள் மக்களைப் பீதியடைய விடாமல் பேச வேண்டும் என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். கடற்கரைக்காரியான எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஒக்கிப் புயல் சமயத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது பீதியல்ல, அவசரப்பட்டுச் சொன்ன ஆறுதல்.

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயலானது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தைய நாளே எச்சரித்தோம் என்றார்கள் அதிகாரிகள். சரி. ஆனால் தங்குகடல் போனவர்கள், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள், கரையை விட்டுப் பல நாளாகியிருந்தது. வயர்லெஸ் எட்டாத தூரத்தில் கிடந்தவர்களுக்கு 'போகாதே' என்ற செய்தியால் என்ன பயன்?

அதற்குப் பின் பேசிய பேச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கரை திரும்பாதவர் எத்தனை பேர் என்று அதிகாரிகள் சொன்ன கணக்கும், கோயிலில் பங்குத்தந்தை எழுதிவைத்த கணக்கும் ஒத்துவரவே இல்லை. கோயில் நோட்டில் படகின் பெயர், புறப்பட்ட துறைமுகம், உடன் போனவர்கள், கடைசியாக வீட்டுக்குப் பேசிய நாள் எல்லாம் இருந்தன. கணக்கு ஏன் இடித்தது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூத்தூர் முதல் நீரோடி வரை எங்கள் ஆட்கள் பலர் போவது கேரளப் பதிவுள்ள படகுகளில். படகின் பதிவை வைத்து எண்ணினால் அவர்கள் கேரளக் கணக்கில் போய்விடுவார்கள்.

சிந்துதுர்க் கரையில் 68 படகுகள் ஒதுங்கியிருக்கின்றன, 66 கேரளப் படகுகள், 2 தமிழகப் படகுகள், மொத்தம் 952 பேர் என்று மகாராஷ்டிர முதல்வர் பட்னவிஸ் அறிவித்தார். நல்ல மனதோடு வேகமாகச் சொன்ன செய்தி. எங்கள் தெருவில் அந்த 'இரண்டு' என்ற சொல்தான் காதில் விழுந்தது. 'நம்ம ஊர்ப் படகு இரண்டுதானா?' என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

என் அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து அத்தானின் படகைக் கேட்டாள். "எல்லாரும் பத்திரம், கரை சேர்ந்துவிட்டார்கள்" என்றார் பேசியவர். எந்தக் கரை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அத்தான் லட்சத்தீவிலிருந்து பேச மேலும் நான்கு நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்கும் அதே 'பத்திரம்'தான் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் வரவில்லை.

கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கொதித்து நின்ற கூட்டத்தின் முன் அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன் கைகூப்பித் தமிழில் பேசினார். அது பலரைத் தணித்தது, மறுக்கவில்லை. ஆனாலும் டிசம்பர் 7 அன்று எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் குழித்துறைத் தண்டவாளத்தில் உட்கார வேண்டிவந்தது. அப்போதைய தமிழக முதல்வர் பழனிசாமி குமரிக்கு வந்தது 12ஆம் தேதி.

"இத்தனை பேர் வந்துவிட்டார்கள், இத்தனை பேரைப் பற்றி எங்களுக்கு இன்னும் தெரியாது, மாலை ஆறு மணிக்கு மறுபடி சொல்கிறோம்" என்று ஒரு கலெக்டரோ அமைச்சரோ நின்று சொன்னால் யாரும் கலவரம் செய்யப்போவதில்லை. கடலில் ஆள் இருக்கும் வீட்டில் அந்தப் பீதி ஏற்கெனவே இருக்கிறது, அதைப் புதிதாக ஊட்ட முடியாது.

அடுத்த புயலுக்காவது, படகின் பதிவு எண்ணை வைத்து எண்ணாமல் ஆளின் ஊரை வைத்து எண்ணுங்கள். முதல் நாளே பங்குக் கோயிலில் உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்து, அந்தப் பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டுங்கள்.

ஒரு வாசகி,
தூத்தூர், குமரி மாவட்டம்.