மார்ட்டின்ஸ்வில் படமும் அந்த ஒரு வரியும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில் வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. "வேறு பொழுதுபோக்கு இல்லாத ஊர்க்காரர்கள் கார்கள் வட்டமடிப்பதைப் பார்க்கக் கூடுகிறார்கள். ஓட்டுபவருக்கு இடப்பக்கம் திருப்பத் தெரிந்தால் போதும்." இவ்வளவுதான். அடுத்த பத்தியில் கட்டுரையாளர் நயாகராவுக்குப் போய்விட்டார்.

அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன். மனது ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவைக்காரன். இங்கே வடகரோலினாவில் கிரீன்ஸ்பரோவுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மார்ட்டின்ஸ்வில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். வருடா வருடம் போகிறேன். முதலில் ஒன்று, அங்கே இருக்கும் கார் பந்தய டிராக் வட்டமே இல்லை. பேப்பர் கிளிப்பைப் போன்றது. ஒவ்வொன்றும் 245 மீட்டர் அளவில் இரண்டு நேர்ப்பாதைகள், இரண்டு முனையிலும் சட்டென்று திரும்பும் குறுகலான வளைவுகள், மொத்தச் சுற்று 847 மீட்டர். நேர்ப்பாதை தார், வளைவு கான்கிரீட். மணிக்கு 190 கிலோமீட்டர் பக்கம் வருகிற கார், வளைவுக்கு முன்னால் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாக வேண்டும். 500 சுற்றுப் பந்தயம் என்றால் குறைந்தது ஆயிரம் தடவை பிரேக். மாலை வெளிச்சம் மங்கியபின் வளைவுப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், சக்கரத்தின் இடுக்கில் பிரேக் தட்டு கொல்லன் உலையில் வைத்த இரும்பாகச் சிவந்திருப்பது தெரியும். கட்டுரையாளர் மாலைவரை இருந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார்.

'இடப்பக்கம் திருப்பத் தெரிந்தால் போதும்' என்பதற்கு வருகிறேன். எங்கள் தெருவில் லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பகலெல்லாம் வேலை, சனிக்கிழமை இரவானால் இந்தப் பக்கத்துச் சின்ன டிராக்குகளில் ரேஸ் ஓட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவருடைய ஷெட்டில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பின்சக்கர டயர்களைச் சுற்றி அளந்து, சாக்பீஸால் டயர்மேலேயே எழுதினார். வலது டயரின் சுற்றளவு இடதைவிட ஓர் அங்குலம் அதிகம். ஏன் என்று கேட்டேன். இடப்பக்கம் வளையும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி அச்சு பூட்டியிருப்பதால் டயரின் அளவில்தான் அதைச் சரிக்கட்ட முடியும் என்றார். காற்றை ஒரு பவுண்டு குறைத்தார், மறுபடி அளந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியது. இடப்பக்கம் திருப்புவதற்குத்தான் ஐயா இத்தனையும். அந்த மனிதர் தமிழ் படிக்க மாட்டார், நீங்கள் எழுதியது அவருக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம், 'வேறு பொழுதுபோக்கு இல்லாத ஊர்க்காரர்கள்.' மார்ட்டின்ஸ்வில் மரச்சாமான்களும் பின்னலாடைகளும் செய்து வாழ்ந்த ஊர். திருப்பூரை அறிந்த உங்களுக்கு அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, வேலை போயிற்று, பிள்ளைகள் வெளியூர் போனார்கள். டிராக் மட்டும் நின்றது. கிளே ஏர்ல்ஸ் என்ற உள்ளூர்க்காரர் 1947 செப்டம்பர் 7 அன்று அதைத் திறந்தபோது அது வெறும் மண் டிராக். 750 பேருக்குத்தான் இருக்கை தயாராக இருந்தது, டிக்கெட் வாங்கி வந்தவர்களோ ஆறாயிரத்துக்கும் மேல். அமெரிக்காவில் இந்தக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பே அதற்கு அடுத்த வருடம்தான் பிறந்தது. 1949இல் அதன் முதல் பருவத்திலிருந்து இன்றுவரை விடாமல் பந்தயம் நடக்கும் மைதானம் இது ஒன்றுதான். 1964 முதல் ஜெயித்தவருக்கு ஆளுயர மரக் கடிகாரம் பரிசு. புகழ்பெற்ற நாஸ்கார் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி 15 முறை ஜெயித்த டிராக் அது. எங்கள் வீட்டருகே கேட்டுப் பாருங்கள், மற்றக் கோப்பைகளையெல்லாம்விட அந்தக் கடிகாரம் ஒன்று வீட்டுக்கு வராதா என்றுதான் சொல்வார்கள்.

மோட்டார் பந்தயம் என்றால் உங்கள் பத்திரிகைக்கு என்றைக்குமே இளக்காரம்தான். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மாமா என்னைச் சோழவரத்துக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் வெயிலில் நின்று பார்த்த கூட்டத்தில் பணக்காரர்கள் எத்தனை பேர்? நீங்களோ அதைப் 'பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு' என்று எழுதினீர்கள். கறுப்பின விளையாட்டு வீரர்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டீர்கள், நல்ல இதழ், இன்றும் வைத்திருக்கிறேன். மார்ட்டின்ஸ்வில்லுக்குப் பக்கத்து ஊரான டான்வில்லின் கறுப்பினக் கார் பந்தய ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் அதில் இல்லை. 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் ஜெயித்தும் கோப்பை வேறொருவர் கைக்குப் போனது. மறு கணக்குப் பார்த்து வெற்றி இவருடையது என்று ஒப்புக்கொண்டார்கள். 1990இல் அவர் இறந்தார். நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கோப்பையைக் கொடுத்தது 2021இல். அவரைப் பற்றி அந்தச் சிறப்பிதழ் வந்தபோதே உங்களுக்கு எழுதினேன், பதில் இல்லை.

எல்லாவற்றையும்விட ஆறாதது 2010. அந்த வருடம் மார்ச் 27, சனிக்கிழமை. மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயம், 250 சுற்று. ஓட்டியவர்களில் ஒருவர் நம் நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்று உங்களுக்கே தெரியும். இந்தியாவில் பிறந்த ஒருவர் நாஸ்காரில் ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. என் மகனைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், கையில் ஹாட்டாக்கோடு, பெயரை எப்படி உச்சரிப்பது என்று என்னிடம் கேட்டார். மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். கடைசி சுற்றுவரை 'கார்த்தி, கார்த்தி' என்று அவரும் கத்தினார். நரேன் பதின்மூன்றாவதாக முடித்தார். அந்த டிராக்கை முதல்முறை பார்க்கிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பருவத்து டிரக் பந்தயங்களின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்ற விருதும், ரசிகர்கள் ஓட்டுப்போட்டு, நரேனுக்கே கிடைத்தது.

அன்று இரவே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதி, நான் எடுத்த படத்தோடு உங்களுக்கு அனுப்பினேன். ஐபிஎல் நடந்துகொண்டிருந்த நேரம். அடுத்த இதழில் கிரிக்கெட்டுக்கு ஆறு பக்கம், நரேனுக்கு ஒரு வரிகூட இல்லை. பதினான்கு வருடம் தொடர்ந்து சந்தா கட்டியவனுக்கு 'கிடைத்தது, பிரசுரிக்க இயலவில்லை' என்று ஒரு அஞ்சலட்டை போட முடியாதா என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

சரி. நான் கேட்பது சிறிய காரியம். நீங்கள் மார்ட்டின்ஸ்வில் என்று போட்ட படம் புளோரிடாவின் டேடோனா. இரண்டரை மைல் டிராக், சுவர்போல் 31 டிகிரி சாய்ந்த வளைவுகள். புல்தரையில் அந்த ஊரின் பெயர் பெரிதாக எழுதியிருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. அடுத்த இதழில் இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். எந்த மூலையில் வேண்டுமானாலும் போடுங்கள்.

2010இல் அனுப்பிய படத்தின் பிரதியை இத்துடன் மீண்டும் வைத்திருக்கிறேன். பிரசுரிக்க வேண்டாம். கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கிரீன்ஸ்பரோ, வடகரோலினா