டயருக்குள் இருக்கும் பத்து ரூபாய்

கடந்த ஞாயிறு காலை, போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், கான்ஹேரி குகைகளுக்கு ஏறும் சாலையில் எனக்கு உதவிய பெரியவருக்கு இந்த நன்றி.

1860இல் கட்டி முடிக்கப்பட்டு மும்பைக்குக் குழாய்நீர் தந்த விகார் ஏரியும், அதன் வடக்கே துளசி ஏரியும் அடங்கிய அந்தக் காட்டில், வண்டி இரைச்சல் இல்லாமல் சைக்கிள் மிதிப்பதற்காகவே செம்பூரிலிருந்து வருகிறேன். அன்று கூரிய கல்லொன்று பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. மாற்று டியூப் என்னிடம் இருந்தது. ஆனால் காற்றடித்ததும் அது கிழிசல் வழியே புடைத்து வெடிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் “முருகா” என்று முனகியதைக் கேட்டு நின்றவர், தம் பத்து ரூபாய் நோட்டை நான்காக மடித்து டயருக்கும் டியூபுக்கும் இடையே வைத்து, வழக்கத்தைவிடக் குறைவாகவே காற்றடித்தார். “இறக்கத்தில் வேகம் வேண்டாம், தம்பி” என்றார். பெயரைக் கேட்பதற்குள் ஏற்றத்தில் மறைந்துவிட்டார்.

வீடுவரை டயர் தாங்கியது. புது டயர் வாங்கிவிட்டேன், ஐயா. உங்கள் நோட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.