சித்தாங் கரைத் தமிழ்ப் பெரியவர்களுக்கு: வெள்ளைச் சீட்டில் வயலைக் கைமாற்ற வேண்டாம்

பர்மாவில் பெகு முதல் தவுங்கூ வரை, சித்தாங் ஆற்றுப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் கோவில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நெல் அறுத்து, உளுந்தும் பிடுங்கியாச்சு. மழை தொடங்கும் முன்னால்தான் நம் ஊர்களில் வயல் கைமாறும். கல்யாணக் கடன், ஆஸ்பத்திரிச் செலவு, மலேசியா போகிற பையனுக்கு ஏஜெண்டு பணம் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். விற்பவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. விற்கிற விதம்தான் என் கவலை.

2013-இல் என் அப்பா மூன்று ஏக்கர் வாங்கினார். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பணம் கொடுத்தார், வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு மேல் உழுதோம். விற்றவர் இறந்தபின் அவர் மகன் வந்து, வயலை உழும் உரிமைக்கு அரசு தரும் சான்றான ஏழாம் படிவம் இன்னும் தன் அப்பா பேரில்தான் இருக்கிறது என்று காட்டினார். என் அப்பாவுக்குப் பர்மிய மொழி நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வயல் போய்விட்டது.

2012-ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி மண் அரசுக்குச் சொந்தம். நமக்கு இருப்பது உழுது பயன்படுத்தும் உரிமை. அதற்குச் சான்றுதான் ஏழாம் படிவம். அது நம் பேரில் இருந்தால் விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். ஆனால் விற்றதை டவுன்ஷிப் நிலப்பதிவு அலுவலகத்தில் கட்டணமும் முத்திரை வரியும் கட்டிப் பதிய வேண்டும். வெள்ளைச் சீட்டு பதிவாகாது. வழக்கு என்று வந்தால் அது முதலில் கிராமத்து நிலக் குழுவுக்குப் போகும், அங்கிருந்து டவுன்ஷிப், மாவட்டம் என்று ஏறும். அங்கே படிவத்தில் யார் பேர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். யார் வியர்வை சிந்தியது என்று கேட்க மாட்டார்கள்.

இது தெரிந்தும் அலுவலகப் படி ஏற நாம் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்துக்கு வேர் பழையது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத வயல்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்து வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை சரிந்து, கொடுத்த கடன் திரும்பாமல், 1938-க்குள் அது 25 சதவீதமானது. பிறகு 1948, 1953 சட்டங்கள் வந்து நிலம் தேசியமயமானது. நம்மில் பலர் அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள். ஆனாலும் "நமக்கு ஏது நிலம், எப்படியும் ஒருநாள் பிடுங்கிக்கொள்வார்கள்" என்ற எண்ணம் நம் வீடுகளிலும் தங்கிவிட்டது. பதிவு செய்யாத வயலைப் பிடுங்குவதுதான் சுலபம் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். யார் வயல் வாங்கினாலும் விற்றாலும், பணம் கைமாறும் முன் ஒருநாள் கோவில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரையும் உட்கார வையுங்கள். பர்மியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் ஒருவர் ஏழாம் படிவத்தை எல்லோர் முன்னாலும் வாசித்துத் தமிழில் சொல்லட்டும். பேர் யாருடையது, ஏக்கர் எவ்வளவு, எந்த வரப்பு வரைக்கும் என்று பொம்பளைகளுக்கும் கேட்கட்டும். படிவம் பெரும்பாலும் வீட்டுத் தலைவர் பேரில்தான் இருக்கிறது. மனைவி பேரையும் சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். என் அம்மா அந்த வயலில் அப்பாவைவிட அதிக நாள் நின்றவள். அவள் பேர் எந்தத் தாளிலும் இல்லை.

அப்புறம், குடியுரிமை அட்டை இல்லாதவர்கள் பயந்துபோய் வேறொருவர் பேரில் வயலை வாங்குகிறார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் அட்டைக்கு அலைய அவர்களுக்கு ஆள் துணை கொடுங்கள், நிலம் பிறகு வாங்கலாம்.

படிவம் வாசிக்க ஆள் இல்லாத ஊர் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வருகிறேன். பெகுவிலிருந்து காலை ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம்.